அவரைப் பந்தல் வேண்டாமாம்

ஆடி 3, சனி

விடிஞ்சதிலிருந்து காத்து. கொடியில காயப்போட்ட வேட்டி பூரா மண். வெயிலும் குறையல.

விதை வாங்கியாச்சு. வெண்டை, கத்திரி, புடலை, சிறுகீரை. "ஆடிப்பட்டத்துக்குன்னே வந்த புது விதைம்மா"ன்னான் கடைக்காரன். பாக்கெட்டுல தேதி இருக்க வேண்டிய இடத்துல விலை ஸ்டிக்கர். அங்க ஏன் ஒட்டணும்? உரிச்சுப் பார்த்தேன். போன வருஷத்து விதை. நினைச்சேன்.

இனி எந்த விதையா இருந்தாலும் கொஞ்சம் எடுத்து ஈரத்துணியில முடிஞ்சு வைக்கணும். பாதிக்கு மேல முளைச்சாத்தான் மண்ணுக்கு.

அவரை மட்டும் வாங்கல, நம்ம கொடியில எடுத்த விதையே இருக்கு. ராத்திரி ஊறப்போடப் போனா இவரு, "அவரை வேண்டாம், பந்தல் கட்ட நேரமில்ல"ங்கிறாரு. ஆடி பொறந்தா முதல் வேலையா மூங்கில் சீவ உட்கார்ற மனுஷன். வாழைக்கன்னும் வேண்டாமாம். "கீரை போதும், சீக்கிரம் வந்துரும்."

அவரை இப்ப போட்டா தை வரைக்கும் காய்க்கும். தைக்கு நாம இங்க இருக்க மாட்டோமா என்ன? சுரங்கத்துல இவருக்கு சர்வீஸ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. அதுவரைக்கும் இந்த குவார்ட்டர்ஸ் மண்ணு என்னோடது.

ஆடி 6, செவ்வாய்

தண்ணி காலையில ஒரு மணி நேரம்தான்.

இலைமேல கரித்தூள் படிஞ்சு கிடக்கு. காலையிலயே பீச்சி அடிச்சுக் கழுவணும். சாயங்காலம் கழுவினா ஈரம் தங்கி இலைப்புள்ளி வந்துரும்.

பக்கத்து வீட்டு அம்சா அக்கா மிளகாய்க்கு அனல்மின் நிலையத்துச் சாம்பலை வாங்கிக் கொட்டியிருக்கு, அடுப்புச் சாம்பல் மாதிரின்னு நினைச்சு. மண்ணு சிமெண்டாட்டம் இறுகிப்போச்சு. "எல்லாரும் போட்டுகினுதான் இருக்காங்க"ன்னு என்கிட்டயே சண்டை. போடட்டும்.

இவரு கீரை விதைச்சாரு. நான் மணல் சலிச்சுக் கொடுத்தேன், கலந்து தூவறதுக்கு. "நீ உள்ள போ, நான் பாத்துக்கிறேன்." இத்தனை வருஷத்துல கீரை விதைக்கிறப்ப என்னை உள்ள போகச் சொன்னதே கிடையாது.

ஆடி 11, ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்ல.

வெண்டை முளைச்சிருச்சு. கத்திரி நாத்து பரவாயில்ல, நிழல்லயே இருக்கட்டும், நாலு இலை விட்டப்புறம் சாயங்காலமாப் பார்த்து நடலாம். புடலை ஒண்ணுதான் எட்டிப் பார்க்குது.

கீரை ஒரு பக்கம் கொத்துக் கொத்தா, ஒரு பக்கம் மொட்டை. மணல் கலக்கவே இல்ல போல. மனசு தோட்டத்துல இல்ல. பின்ன எங்க இருக்கு?

டீயும் இப்ப அரை டம்ளர்தான். "போதும்"ங்கிறாரு. வெளிய எவ வீட்டுல குடிச்சிட்டு வர்றாருன்னு கேட்டுட்டேன். சிரிக்கல. முன்னயெல்லாம் சிரிப்பாரு.

ஆடி 14, புதன்

காத்துல வாழை இலை நார் நாராப் போச்சு. முட்டுக் கொடுத்தேன்.

அம்சா அக்கா வேலியோரம் வந்து குசுகுசுன்னு: "ரெண்டு பேரு, புருஷன் பொஞ்சாதி மாதிரி இருக்காங்க, உன் வூட்டு வேலியாண்ட நின்னுகினு பலா மரத்த அண்ணாந்து பாத்துகினு இருந்தாங்க. நேத்தும் வந்தாங்க. நான் என்னான்னு கேட்டா ஒண்ணுமில்லீங்கன்னுட்டு வண்டிய எடுத்துகினு போயிட்டாங்க."

பலாத் திருட்டா? மரத்துல கடைசியா மூணு காய்தான் இருக்கு. அதுக்கு எவன் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வருவான்? வீடு பார்க்க வந்தவங்களா இருக்குமோன்னு அக்கா. ஆடி மாசத்துல எவனாவது வீடு பார்க்க வருவானா? அதுவும் ஆள் குடியிருக்கிற வீட்டை?

அக்கா சொல்றதையும் அப்படியே நம்ப முடியாது. என் முருங்கையை ஒடிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியும்.

ஆடி 18, ஞாயிறு

பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்கா சாதம், தயிர் சாதம். இவரைக் கேட்காம அவரை விதை நாலு குழி போட்டுட்டேன். குழிக்கு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு, மக்கின எரு. பந்தலுக்கு நானே குச்சி கட்டிக்கிறேன்.

பார்த்துட்டு உள்ள போயிட்டாரு. திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

ஆடி 20, செவ்வாய்

புழுக்கம்.

வந்தாங்க. இவரு ஃபர்ஸ்ட் ஷிப்ட். நான் மாமரத்துக்குப் பின்னாடி விளக்குமாத்தோட நின்னேன். வேலியோரம் வண்டி நின்னதும் வெளிய வந்து, "யாரு நீங்க? தினமும் என்ன நோட்டம்?"னு போட்டேன் ஒரு சத்தம்.

அந்தப் பொண்ணு பயந்துருச்சு. சின்ன வயசு. புருஷன்தான் பேசினான். "மன்னிச்சுக்கங்கம்மா. சார் செக்‌ஷன்தான் நானும். ஆடியில வீடு பாக்கக் கூடாதுல்ல, ஆவணி பொறந்ததும் உள்ள வந்து பாத்துக்கலாம்னு இருந்தோம். அதான் வேலிக்கு வெளியவே நின்னு பாத்துட்டுப் போனோம்."

"எந்த வீட்டை?"

"இதாங்கம்மா. சார் வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துட்டாரே. கார்த்திகைக்குள்ள காலி பண்றதா சொன்னாரு. நாங்க இந்த பிளாக்குக்குத்தான் எழுதிப் போட்டிருக்கோம்."

அந்தப் பொண்ணு மெதுவா, "வாழையெல்லாம் எடுத்துருவீங்களாக்கா, விட்டுட்டுப் போவீங்களா?"

உள்ள வந்து உட்கார்ந்துட்டேன்.

ஊருக்கே தெரியுது. எனக்குத் தெரியல. என் வாழையை எவளோ விலை பேசறா.

மத்தியானம் வந்தாரு. சாப்பாடு வைக்கல. "கார்த்திகைக்கு எங்க போறோம்?"னு கேட்டேன். வலது கையை நீட்டினாரு. விரல் ஆடுது. நிறுத்தப் பார்க்கிறாரு, நிக்க மாட்டேங்குது.

"லீவரைப் பிடிச்சா கை தனியா ஓடுது. அவ்ளோ பெரிய மெஷினு. கீழ ஆளுங்க நிக்கிறாங்க. ஒருத்தன் மேல பட்டுச்சுன்னா?"

அப்ப கீரை. அப்ப அரை டம்ளர் டீ. நான் என்னென்னமோ நினைச்சேன், சீ.

"என்கிட்ட சொல்ல என்ன?"

"நம்ம பெரிய பையன்கிட்ட பேசிட்டேன். பெங்களூருக்கு வந்துருங்கன்னான். உன்கிட்ட சொன்னா நீ தோட்டத்தைப் பார்த்துப் பார்த்து அழுவ."

அழுதேன்தான். ஆனா தோட்டத்துக்காக இல்ல.

ஆடி 21, புதன்

வெயில். வெண்டையில வெள்ளை ஈ. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புத் தண்ணி, பொழுது சாய்ஞ்சப்புறம் இலைக்கு அடியில அடிக்கணும். அடிச்சேன். சாப்பாடு மட்டும் எடுத்து வச்சேன். டம்ளர் வேண்டாம்னு பெரிய சொம்புல டீ ஊத்தினேன். ரெண்டு கையாலயும் பிடிச்சுக் குடிச்சாரு, முழுசா.

ஆடி 23, வெள்ளி

டாக்டர்கிட்ட நானும் போனேன். நரம்பாம். மாத்திரையில குறையும், முழுசாப் போயிடும்னு சொல்ல முடியாதாம். "எவ்ளோ நாளா இருக்கு?"ன்னு டாக்டர் கேட்க, இவரு "ஒரு மாசமா"ன்னாரு. பொய். முறைச்சேன். "போன பங்குனியிலேருந்து"ன்னாரு.

பெரியவன் போன்ல, "அம்மா, ஒன்பதாவது மாடி, பால்கனி இருக்கு, தொட்டி வச்சுக்கலாம்." மருமக பக்கத்துல நின்னு சொல்லிக் கொடுக்கிறது கேட்குது. தொட்டிக்குத் தண்ணி ஊத்தினா கீழ்வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்கன்னு போன தடவை சொன்னது யாரு?

"நான் வரல. அப்பா வேணா வரட்டும்"னேன். அப்புறம் இவரைப் பார்த்தேன். வேற பக்கம் திரும்பிக்கிட்டாரு.

தப்புதான். கோபத்துல வந்துருச்சு.

ஆவணி 8, ஞாயிறு

லேசான தூறல். டவுன்ஷிப்புக்கு வெளிய, பண்ருட்டி ரோட்டுல வாடகை வீடு பார்க்கப் போனோம். போலாம்னு இவரே சொன்னாரு. ஏன் மனசு மாறினாருன்னு கேட்கல, கேட்டா மறுபடி மாறிடும்.

ரெண்டு ரூம், சமையல்கட்டு, போர் தண்ணி. ஓனர் லைட்டு, ஃபேன், பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் போட்டுப் போட்டுக் காட்டினாரு. நான் நேரா பின்பக்கம் போனேன். கதவுலேருந்து காம்பவுண்டு வரைக்கும் சிமெண்டு. ஒரு புல்லு இல்ல. "சுத்தமா இருக்குதுங்களா?"ங்கிறாரு பெருமையா. திரும்பிடலாம்னு சாடை காட்டினேன்.

இவரு ஆடற கையை முதுகுக்குப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னாரு. கடையில விலை குறைச்சுக் கேட்கக்கூட வாய் வராத ஆளு. "பின்பக்கச் சிமெண்டு பூராவும் உடைச்சுத் தர்றதா இருந்தா அட்வான்ஸ் இப்பவே. இல்லன்னா வேற வீடு பாத்துக்கிறோம்"னாரு.

ஓனர் உடனே சரின்னுட்டாரு. இவ்ளோ சீக்கிரம் ஏன் ஒத்துக்கிட்டாரு? நாளைக்கு ஒரு கடப்பாரையோட போய், அடியில மண்ணு எப்படின்னு பார்க்கணும்.