மூணு ஊருக்கு ஒரு பஸ்

கல்லேரி
4-8-1985

அன்புள்ள மாசிலாமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே யாருக்கும் காய்ச்சல் தலைவலி இல்லை, நீயும் வடக்கே பிலாயில் அப்படியே இருக்க திருவாமாத்தூர் அபிராமேஸ்வரர்தான் துணை. உடம்புக்குக் குறைவில்லை, உன் அப்பாவால் மனசுக்குத்தான் பேஜாரு. பஸ் வந்துவிட்டதா என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், சாப்பிட்டுவிட்டுப் படி.

திண்டிவனத்திலிருந்து நம் பக்கம் டவுன் பஸ் விடப்போவதாகச் சித்திரையில் சொன்னார்கள் அல்லவா. நம் ஊர், புதூர், சாவடிமேடு மூன்றும் மூன்று திசையில் கிடக்கின்றன. இருக்கிற நேரத்தில் இரண்டு ஊருக்குள்தான் வந்து திரும்ப முடியும், எந்த இரண்டு ஊர் சேர்ந்து மனு கொடுக்கிறதோ அங்கே விடுகிறோம் என்று டெப்போ அதிகாரி சொல்லிவிட்டார். அன்று பிடித்தது சனி. உன் அப்பாவும் புதூர் விருத்தாசலமும் பிள்ளையார் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்து ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். நாலு நாள் ஆகவில்லை, சாவடிமேட்டு சவுரிராயன் புதூருக்குப் போய், எங்களோட சேருங்க, ராத்திரி பஸ் ஒங்க ஊர்லயே நிக்கட்டும், காலைல மொத சீட்டு ஒங்களுக்குத்தான் என்றாராம். விருத்தாசலம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். உன் அப்பா இரண்டு நாள் கத்தினார். மூன்றாம் நாள், இத்தனை வருஷமாக அந்தத் தெருவை எட்டிப் பார்க்காத மனுஷர், சவுரிராயன் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்து, ராத்திரி பஸ்ஸை அவர்களுக்கே விட்டுக்கொடுத்து, இரண்டாவது மனு எழுதிக்கொண்டு வந்தார். மறுநாளே விருத்தாசலம் நம் வீட்டு வாசலில் நிற்கிறார். பஸ் ஒங்க ஊர்லயே நிக்கட்டுங்க, எங்கள மட்டும் வுட்டுறாதீங்க என்று கெஞ்சுகிறார். அப்பா உடனே சரி என்றார். நேத்துதானே சவுரிராயனுக்கு வாக்குக் குடுத்தீங்க என்று கேட்டேன். அவன் மட்டும் நாளைக்கி மாறமாட்டான்னு இன்னா நிச்சயம், நாம முந்திக்கணும் என்கிறார். அந்த இரண்டு பேர் வீட்டிலும் இதே பேச்சுத்தான் நடந்திருக்கிறது. வெளியே நிற்கிறவன் எதை வேண்டுமானாலும் தருகிறேன் என்பான், உள்ளே இருக்கிறவனுக்கு ஆசை வரும், அவன் மாறினால் இன்னொருவன் வெளியே வருவான், பிறகு அவன் கெஞ்சுவான். செக்கு மாடு கூட இதைவிடக் குறைவாகச் சுற்றும். கடைசியில் டெப்போவில் மூன்று மனு, ஒவ்வொரு ஊர் பெயரும் இரண்டில் இருக்கிறது. அதிகாரி மூன்றையும் ஒரு குண்டூசியில் குத்தி ஓரமாக வைத்துவிட்டார்.

இதில் அடிபட்டது பொன்னி. உன் தங்கை பத்தாவதில் நல்ல மார்க் வாங்கியும், பஸ் வந்தா பாக்கலாம் என்று அப்பா நிறுத்திவிட்டார். மெயின் ரோடு நாலு மைல், வழியெல்லாம் சவுக்குத் தோப்பு, ஒண்டியாக எப்படி அனுப்புவது. திண்டிவனம் பள்ளிக்கூடத்தில் சேரக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அவள் அழவில்லை, பழைய நோட்டுகளில் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத்தான் முடியவில்லை. அந்த வாரத் திங்கட்கிழமை ரேஷன் கடையில் விருத்தாசலம் சம்சாரம் வீரம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஒம் புருஷனாலதான் எம் பொண்ணு வூட்ல குந்திக்கினு கீது என்றாள். நானும் அதையே திருப்பிச் சொன்னேன். பின்னால் நின்ற சவுரிராயன் சம்சாரம், எங்க வூட்டுக்காரர வுட்டுட்டீங்களே, அவரையும் சேத்துத் திட்டுங்க, எம் பொண்ணு ஜெயமும் வூட்லதான் கீறா என்றாள். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளேதான், மூணு ரோடும் சேர்ற கூட்டுரோடு வரைக்கும் பஸ் வந்தா போதாதா, ஆளுக்கு ஒரு மைல் நடந்துட்டுப் போறோம் என்றாள். மூன்று மாதமாக இது ஆம்பளைகளுக்குத் தோன்றாமல் இல்லை. அதில் எந்த ஊருக்கும் ஜெயிப்பு இல்லையாம், அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

வியாழக்கிழமை நாங்கள் மூன்று பேரும் மூன்று பெண்களைக் கூட்டிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்து டெப்போவுக்குப் போனோம். மூன்று ஊர் பெயரும் போட்டு நாங்கள் எழுதிக்கொண்டு போன தாளை அதிகாரி இரண்டு தரம் படித்துவிட்டு, இந்த மூணு ஊரும் ஒரே பேப்பர்ல இப்பதாம்மா பாக்கறேன் என்றார். மறுநாள் மூன்று பெண்களையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து கூட்டுரோட்டுக்கு பஸ் வருகிறது, இப்போது மூன்று வாரம் ஆகிறது. இத்தோடு முடிந்ததா என்றால் அதுதான் இல்லை. முந்தாநாள் விருத்தாசலம் வந்து அப்பா காதில், கூட்டுரோடு வரைக்கும் வர்ற பஸ்ஸு நம்ம ரெண்டு ஊருக்குள்ள வராதா, இன்னொரு மனு போடலாம் என்கிறார். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். எனக்கு வந்ததே ஆத்திரம். போங்க, நீங்க போனா நாளைக்கி சவுரிராயன் போவாரு, பஸ்ஸே நின்னு போவும், பொன்னி வூட்ல குந்துவா, அத அவகிட்ட நீங்களே சொல்லிட்டுப் போங்க என்றேன். பொன்னி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்த்தாள். உன் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, விருத்தாசலத்தைப் பார்த்து, மல்லாட்டைக்குக் களை எடுக்கணும், இன்னொரு நாள் பாக்கலாம் என்றார். அந்த இன்னொரு நாள் எப்போது வருமோ, நான் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை.

உன் கடிதத்தில், அறையில் உள்ள மூன்று பேரில் நீயும் இன்னொருவனும் சேர்ந்து, அந்தத் தெலுங்குப் பையனைச் சமையலிலிருந்து விலக்கப் போவதாக எழுதியிருந்தாய். படித்ததும் அப்பாவுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறான் என்று தலையில் அடித்துக்கொண்டேன். உன்னோடு சேர்ந்து ஒருவனைத் தள்ளுகிறவன் உன்னையும் ஒருநாள் தள்ளுவான். மூன்று பேரும் ஒரே அடுப்பில் சாப்பிடுங்கள், உப்பு கூடினால் கூடட்டும்.

நோய் நொடி அண்டாமல் நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. பொன்னிக்குத் தனியாக நாலு வரி எழுது, பஸ்ஸில் வைத்துப் படிப்பாளாம்.

இப்படிக்கு உன் அம்மா,
கோவிந்தம்மாள்