துண்டுக்குள் ஒரு கூட்டல்

அன்புள்ள மாமாவுக்கு,

போன முறை வந்தபோது உங்கள் துண்டை இங்கேயே விட்டுப் போய்விட்டீர்கள். நேற்று அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போனேன்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கூட்டல் பிடிபடவே இல்லை. அதனால் மாட்டுச்சந்தைத் தரகர்கள் விலை பேசுவதுபோல, துண்டுக்கு அடியில் இரண்டு விரல் கொடுத்துப் பிறகு ஒன்று சேர்த்தேன். பார்க்காமல், பிடித்துப் பார்த்து மொத்தம் சொல்லவேண்டும். தரகர் ரசாக்கின் மகள் சாஜிதா சட்டென்று, "மூணுங்க டீச்சர்! எதுக்குங்க கையை இழுத்துக்கறீங்க? மாட்டை விக்க மனசில்லீங்களா?" என்றாள். வகுப்பே சிரித்தது.

கல்யாணமான புதிதில் பொள்ளாச்சிச் சந்தையில் நீங்களும் இதே துண்டைப் போட்டு மூன்று விரல் கொடுத்தீர்கள். கூச்சத்தில் நான் இரண்டு என்றேன். "கணக்குல பி.எஸ்சி.யாம் அம்மணி!" என்று பஸ் ஏறும்வரை கேலி செய்தீர்கள்.

போன முறை உங்களிடம் ஒன்று சொல்ல நினைத்தேன். வாய் வராமல் காபியை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். இப்போது எழுதவும் கை வரவில்லை.

தீபாவளிக்கு வரும்போது இந்தத் துண்டுக்கு அடியில் கையை நீட்டி, இனி நம் வீட்டில் எத்தனை பேர் என்று கேளுங்கள். இந்தத் தடவை இரண்டு என்று சொல்லமாட்டேன்.

துண்டைத் துவைத்து வைத்திருக்கும்,
உங்கள் பி.எஸ்சி. அம்மணி