மஞ்சள் பாதையில் உன் அம்மா

அன்புள்ள பட்டுவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம், இந்தத் தடவை பேச்சுக்குச் சொல்கிற சுகம் இல்லை, நிஜமான சுகம். நீயும் மாப்பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள், வயிற்றில் இருக்கிறவர் ரொம்ப உதைக்கிறாரா? பிரசவத்துக்கு அம்மா வரவேண்டும் என்று நீயும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாய். இதய ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறவே பயப்படுகிறவள் விமானம் ஏறுவாளா என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். தாராளமாக நடக்கலாம், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியும் அவள் தெருமுனைக் கடையைத் தாண்டவில்லை.

அந்தப் பயத்தைப் போக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை மலையில் இருக்கிற தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனேன். அடடா, என்ன இடம்! பச்சை அம்பு போட்டது குடும்பத்தோடு போகிற பாதை, ஏரியைச் சுற்றிச் சமதளம், வழியெல்லாம் பெஞ்சு, பெரியவர்களுக்கு ஒரு கைப்பிடி, அதற்குக் கீழே குழந்தைகள் உயரத்துக்கு இன்னொன்று. யாரோ பெற்றவர்கள்தான் யோசித்துச் செய்திருக்க வேண்டும். மஞ்சள் அம்பு மலைமேல் இருக்கிற காட்சிமேடைக்கு ஏறுகிறது. பச்சையில பாதி தூரம் வருவேன், அதுக்கு மேல ஒரு அடி வைக்கமாட்டேன் என்று அம்மா வாசலிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள். பாதை பிரிகிற இடத்தில் ஒரு இளம் ஜோடி கைக்குழந்தையை முதுகுப்பையில் வைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பியது, கைக்குழந்தையே போகுது, இதுதான் குடும்பப் பாதை என்று நானும் பின்னாலேயே திரும்பிவிட்டேன். முன்னால போற வண்டியப் பாக்காதே, போர்டப் பாரு என்று டிரைவிங் ஸ்கூலில் தினமும் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான்!

பாதை ஏறிக்கொண்டே போனது, அடுத்த வளைவில் சமமாகிவிடும் என்று சமாளித்தேன். உன் அம்மா நின்றாள், மூச்சு வாங்கினாள், மறுபடி நடந்தாள், பேச்சக் குறைங்க, மூச்சு மிச்சமாகும் என்று எனக்கு உபதேசம் வேறு. மேலே போனதும் பூங்காவின் பெண் காவலர் ஒருவர் ஓடிவந்து, மஞ்சள் பாதையிலயா ஏறி வந்தீங்க, பலே என்றார். சட்டென்று உன் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். கைய விடுங்க, எல்லாரும் பாக்கறாங்க என்று சிரிக்கிறாள். ஆஸ்பத்திரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று அழுதவன் நான், காற்றில் தலைமுடி பறக்க அவள் நின்றதைப் பார்த்தபோதும் அழுதேன், சொல்வதற்கு என்ன வெட்கம்.

அந்த இளம் அம்மா ஷூ கட்டுவதற்காக, கொஞ்சம் பிடிச்சுக்கோங்க என்று குழந்தையை உன் அம்மாவிடம் நீட்டினாள். தையல் போட்ட நெஞ்சில் தலையணைகூடப் படவிடாதவள், குழந்தையை அப்படியே நெஞ்சோடு சாய்த்துக்கொண்டாள். அது இவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துத் தூங்கியே போய்விட்டது. அப்புறம் என்னைப் பார்த்து, பட்டுவுக்கு எழுதுங்க, நான் வரேன்னு என்றாள்.

அம்மாவுக்கு உடனே டிக்கெட் போட்டுவிடு. இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே, மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து மகராசியாக இரு. நெஞ்சு வலிக்குமோ என்று யோசிக்காமல், குழந்தையை முதலில் அவள் கையில் கொடு.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்
அப்பா