முதல் தடவை சொன்ன வேண்டாம்

இர்விங், டெக்சாஸ்
10-3-88

சௌபாக்கியவதி ஷ்யாமளாவுக்கு அம்மா ஆசீர்வாதம். இங்கே நானும் அப்பாவும் க்ஷேமம், என் கோபமும் க்ஷேமம். பார்சிப்பனியில் நீ, மாப்பிள்ளை, குழந்தை எல்லாரும் சௌக்கியமா? குழந்தைக்குச் சளி விட்டதா? ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஜூஸை அப்படியே கொடுக்காதே.

நேற்று போனில் நீ கத்தினதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், அப்பா பக்கத்தில் நின்று லாங் டிஸ்டன்ஸ், லாங் டிஸ்டன்ஸ் என்று ஜாடை காட்டிக்கொண்டிருந்தார். உனக்கு எதுக்கும்மா இந்த ஊர் பாலிடிக்ஸ், வந்த இடத்துல சும்மா இருக்கக்கூடாதா என்றாய். ஏண்டி, உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததே இந்த ஊரில்தானே, இன்னும் என்ன வந்த இடம்? நம் அபார்ட்மென்ட் வாசலில் நடக்க சைட்வாக் கிடையாது என்று உனக்கே தெரியும். எதிர் வீட்டுக் காமாக்ஷி பேரனை ஸ்ட்ரோலரில் வைத்து ரோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு போனபோது ஒரு பிக்கப் டிரக் உரசி, ஸ்ட்ரோலர் கவிழ்ந்து, குழந்தைக்கு நெற்றியில் தையல். அதைப் பார்த்த பிறகும் சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

காக்கஸ் என்றால் ஏதோ கலாட்டா என்று நினைத்துக்கொண்டாய். பகலில் ஓட்டுப் போட்டவர்கள் சாயங்காலம் அதே பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்து, கட்சியின் கௌன்டி, அதாவது ஜில்லா, மாநாட்டுக்கு நம் பேட்டையிலிருந்து யார் போவது, அங்கே என்ன கேட்பது என்று கூடிப் பேசி முடிவு பண்ணுகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு நானும் காமாக்ஷியும் வாலண்டியர் பண்ணிக் கதவு கதவாகத் தட்டி ஆள் சேர்த்தோம். என் புடவையைப் பார்த்ததும் ஒருத்தர் கதவைச் சாத்தினார், மறுநாளும் போய்த் தட்டினேன். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் சைட்வாக் வேண்டும் என்ற நம் தீர்மானம் பாஸ் ஆகிவிட்டது. அதை மாநாட்டில் எடுத்துப் பேச ஓர் ஆள் வேண்டும், டெலிகேட் என்கிறார்கள், இருப்பது ஒரே இடம். லாண்டரி ரூமில் பழக்கமான டோரதி என் பெயரைச் சொன்னாள். சேர்மன் என்னைப் பார்த்து உங்களுக்குச் சம்மதமா என்றார். நான் என்ன செய்தேன் தெரியுமா, பந்தியில் இன்னும் கொஞ்சம் பாயசம் என்றால் கையால் மறைத்துப் போதும் போதும் என்போமே, அதே மாதிரி நோ நோ, வேறு யாராவது என்று சொல்லிவிட்டு வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தரம் கேட்பார், அப்புறம் சரி என்று சொல்லலாம் என்று. அந்த மனுஷர் தேங்க் யூ மேடம் என்று அடுத்த பெயருக்குப் போய்விட்டார்!

அடுத்த பெயர் யார்? எல்லார்கிட்டயும்தான் கார் இருக்கே, நடக்கிறது யாரு என்று தீர்மானத்தை எதிர்த்த ரியல் எஸ்டேட்காரர். நம்மவர்கள் அத்தனை பேரும் என் அடக்கத்தை மெச்சிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், மறுபடி கேளுங்கள் என்று ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. எழுந்தேன். அப்பா தலைப்பைப் பிடித்து இழுத்தார், விடுங்கோ என்றேன். எங்கள் வழக்கத்தில் முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை, இரண்டாம் தடவை நீங்கள் கேட்க வேண்டும், இப்போது கேளுங்கள் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உரக்கச் சொன்னேன். ஹாலே சிரித்தது. நான் சிரிக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. கடைசியில் சேர்மன் கேட்டார், யெஸ் என்றேன். கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு ஒரு கை அதிகம், அந்தக் கை என்னுடையதுதான். வெட்கமாக இல்லையா என்று கேட்காதே, இல்லை. வீட்டுக்கு வந்ததும் அப்பா தானே காபி கலந்து கொடுத்தார்.

மாநாடு பத்தொன்பதாம் தேதி சனிக்கிழமை. நீ எனக்கு டிக்கெட் எடுத்திருப்பதும் அன்றைக்கே. வேற யாராவது போகட்டும், நீ கிளம்பி வா என்கிறாய். நின்று கேட்டு வாங்கின இடத்தை யாருக்கு விட்டுக் கொடுப்பேன்? டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன், நீ ஏர்போர்ட்டுக்கு அன்றைக்கு வந்தால் போதும். நீயும்தான் சிட்டிசன் ஆகிவிட்டாயே, ஓட்டுக்கு ரெஜிஸ்டர் பண்ணினாயா? நான் வருவதற்குள் பண்ணி வை.

குழந்தைக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், நீ தீர்க்க சுமங்கலியாக இரு. மனசில் இருப்பதை இனிமேல் முதல் தடவையே சொல்லிவிடுவது என்று இருக்கிறேன். சனிக்கிழமை வர மாட்டேன். உபசாரத்துக்குச் சொல்கிறேன் என்று நினைத்து இன்னொரு தரம் கேட்காதே.

உன் அம்மா,
பர்வதம், டெலிகேட்