குதிரைகளுக்காகப் பெயர் கொடுத்தவனுக்கு

என் அருமை மச்சான் தயாபரா,

நீ போய் முப்பத்தைந்து நாளாகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையும் முடிந்துவிட்டது. நேற்றுக் காலை உன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. லண்டனில் நம் பகுதிக் கவுன்சிலிலிருந்துதான். வேறு யார் உனக்கு இவ்வளவு ஒழுங்காகக் கடிதம் போட்டார்கள்? உறையில் உன் பெயரைக் கண்டதும் உன் தங்கச்சி மலர் குசினிக்குள் போய் அழுதாள். நான் பிரித்துப் படித்தேன்.

ஆற்றங்கரைச் சதுப்பு வெளியில் நிற்கும் ஏழு குதிரைகளையும் சொந்தக்காரரான நீ பதினான்கு நாட்களுக்குள் அகற்ற வேண்டுமாம். இறுதி அறிவித்தலாம். இது எத்தனையாவது இறுதி அறிவித்தல் என்று உனக்காவது நினைவிருக்கிறதா?

இந்தக் கடிதத்தை நம் ஆட்களின் பத்திரிகைக்கும் கொடுக்கப்போகிறேன். உன்னை 'குதிரைக்கார விசரன்' என்று அப்டன் பார்க் கடைகளில் பகிடி பண்ணியவர்கள் நடந்ததை முழுதாகத் தெரிந்துகொள்ளட்டும். அவர்களோடு சேர்ந்து நானும்தானே சிரித்தேன்.

முந்தின வருடக் கோடையில் மழையே இல்லை. பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடிந்து வந்த நீ, சதுப்பு வெளியில் நிற்கிற குதிரைகள் காய்ந்துபோன வாய்க்காலின் சேற்றை நக்குகின்றன என்றாய். யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்டுப்போன குதிரைகள். குட்டி போட்டுப் பெருகி, யாருக்கும் அடங்காமல் கவுன்சில் நிலத்தில் திரிந்தவை. பக்கத்தில் தேம்ஸ் ஓடுகிறது, ஆனால் அந்த இடத்தில் அது உப்பு. நீயும் நானும் நெடுந்தீவில் பிறந்தவர்கள். தீவுக் குதிரைகளுக்கும் சொந்தக்காரன் கிடையாது. கோடையில் கிணற்றடிக்கு வந்து நின்றால் அள்ளித் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் நாங்கள் குளித்தோம். அதை யாரும் தர்மம் என்று சொன்னதில்லை.

சுப்பர்மார்க்கட் ட்ரொலி ஒன்றில் பத்துத் தண்ணீர்க் கான்களை ஏற்றி நீ தள்ளிக்கொண்டு போனாய். அதோடு நின்றிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை.

வெளியின் வாசல் கேற்றில் கவுன்சில் ஒரு அறிவித்தல் ஒட்டியது. இந்தக் குதிரைகளுக்கு உரியவர் அலுவலகத்துக்கு வரவும் என்று. இங்கு பிறந்த எவனும் அதைப் பார்த்துவிட்டுத் தன் பாட்டில் போயிருப்பான். நீ வேலைக்கு லீவு போட்டு, நல்ல சேட்டு மாட்டிக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாய். நான் தலையில் கை வைத்தேன்.

"விசரே உனக்கு? உன்ர குதிரையெண்டு எழுதிப்போட்டாங்கள்!"

"ஊரில விதானையார் நோட்டீஸ் ஒட்டினால் ஆராவது ஒருத்தன் போய்ப் பேர் குடுக்க வேணுமடா. இல்லாட்டி கேக்க ஆளில்லையெண்டு எழுதிப்போடுவார். பிறகு எல்லாம் போச்சு."

"இது விதானையாரில்லை, கவுன்சில்."

"நோட்டீஸ் நோட்டீஸ்தானே?"

என் விசாவைப் பார்க்கும் லோயரிடம் உன்னை இழுத்துக்கொண்டு போனேன். அவர் சிரித்தார். தவறுதலாகப் பெயர் கொடுத்ததாக ஒரு கடிதம் எழுதினால் முடிந்துவிடும் என்றார். ஆனால் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். கேட்க ஆளில்லாத குதிரைகள் என்றால் கவுன்சில் உடனே ஏற்றிச் சந்தைக்கு அனுப்பிவிடுமாம். அங்கிருந்து பெரும்பாலும் இறைச்சிக்குத்தானாம். யாராவது ஒருவர் எழுத்தில் மறுத்துக்கொண்டிருக்கும்வரை அவசரப்பட்டுத் தொடமாட்டார்களாம். உன் முகம் மலர்ந்ததைக் கண்டபோதே எனக்கு விளங்கிவிட்டது, இவன் இனி இறங்கமாட்டான் என்று.

இறங்கவும் இல்லை. வந்த ஒவ்வொரு கடிதத்துக்கும் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பதில் எழுதினாய். "பொது நிலமெண்டு அவையே எழுதியிருக்கினம். நானும் வரி கட்டுறன். அப்ப நானும் பொதுசனம்தானே?" என்று கேட்டாய். அந்தக் கேள்விக்குக் கவுன்சில் இதுவரை பதில் போடவில்லை.

இப்போது நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். நீ வேலைக்குப் போயிருந்த ஒரு பின்னேரம் கவுன்சில் மனுசி வீட்டுக் கதவைத் தட்டினாள். குதிரைகள் இந்த வீட்டாருடையவையா என்று கேட்டாள். எனக்கு விசா நீடிப்புக்கு ஹோம் ஒபிஸில் விண்ணப்பம் கிடந்தது. கதவைச் சங்கிலியோடு நாலு விரற்கடை திறந்து, எனக்கு ஒன்றும் தெரியாது, அந்த ஆளோடு எனக்குப் பெரிய பழக்கமும் இல்லை என்று சொன்னேன். உன் வீட்டில் நின்றுகொண்டு சொன்னேன், மச்சான்.

அவள் அதைக் கடிதத்தில் எழுதி அனுப்பினாள். நீ படித்தாய். புட்டைக் குழைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாய். "பயப்பிடாதை. குதிரையளுக்கு இங்கிலிஷ் தெரியாது, நான் சொல்லமாட்டன்" என்றாய். மலர் சிரித்தாள். நான் பாதிப் புட்டோடு எழும்பிப்போய்க் கைகழுவினேன்.

ஏனென்றால் நான் ஹீத்ரோவில் வந்து இறங்கிய நாள் எனக்கு மறக்கவில்லை. இங்கே பொறுப்பேற்க ஆள் இருக்கிறதா என்று குடிவரவு அதிகாரிகள் என்னைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உனக்கே அப்போது நிரந்தர விசா இல்லை. உள்ளுக்குப் போனால் உன்னையும் பிடித்து வைப்பார்கள் என்று எல்லோரும் தடுத்தார்களாம். நீ போய் நின்று, இவனுக்கு நான் இருக்கிறேன் என்று பெயரும் விலாசமும் கொடுத்தாய். அப்போது மலரைக்கூட நான் கண்டதில்லை. நீ எனக்கு மச்சானும் இல்லை, வெறும் ஊர்க்காரன். உன்னிடம் ஒருநாளாவது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெற்றோல் ஸ்டேஷனில் விழுவாய் என்று யார் கண்டது?

நேற்று அந்தக் கடிதத்தோடு கவுன்சிலுக்குப் போனேன். அதே மனுசிதான். நீ இறந்துவிட்டாய் என்றதும் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தாள். மெய்யாகவே வருந்தினாள், பொய் சொல்லக்கூடாது. பிறகு உட்கார்ந்து கோப்பைத் திறந்து, அப்படியானால் இனி உரியவர் இல்லை, வருகிற செவ்வாய் லொறி வரும் என்றாள். செவ்வாய்! நீ எழுதி எழுதி இத்தனை காலம் பிடித்து வைத்ததை இவள் ஒரு நிமிடத்தில் முடிக்கப் பார்க்கிறாள்.

படிவம் ஒன்று தரச் சொன்னேன். எதற்கு என்றாள். எழுத என்றேன்.

சொந்தக்காரர் என்று அச்சடித்திருந்த இடத்தை வெட்டினேன். அவை யாருக்கும் சொந்தமில்லை, நான் பொய் எழுதமாட்டேன். அதற்கு மேலே, 'இவற்றுக்காகப் பதில் சொல்பவர்' என்று எழுதி, என் முழுப்பெயரையும் விலாசத்தையும் கொட்டை எழுத்தில் போட்டேன். அப்படி ஒரு வகை இங்கே இல்லை என்றாள். இனி இருக்கட்டும் என்றேன். பெரியவரைக் கேட்டு வருவதாக உள்ளே போனாள். திரும்பி வந்து முத்திரை குத்தினாள். விசாரணைக்கு நாள் குறித்து அறிவிப்பார்களாம். அதுவரை லொறி வராது.

லோயர் தொலைபேசியில் கத்தினார். "உங்கட விசாக் காலத்தில இதெல்லாம் தேவையோ? கொஞ்சம் அடங்கி இருக்க ஏலாதோ?"

"ஏலாது," என்றேன். இந்த நாட்டுக்கு வந்த நாள்முதல் அடங்கித்தான் இருந்தேன். அதனால் எவனும் எனக்கு விசாவைத் தூக்கித் தரவில்லையே.

வீட்டுக்கு வந்து பயந்து பயந்து மலரிடம் சொன்னேன். அவள் எழும்பிப்போய்த் தோட்டக் கொட்டிலிலிருந்து உன் ட்ரொலியை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"கானெல்லாம் பாசி பிடிச்சுப்போய்க் கிடக்கு. உரஞ்சிக் கழுவுங்கோ, நானும் வாறன்," என்றாள்.

இன்று போனோம். வாய்க்கால் மறுபடியும் வற்றிவிட்டது. அந்தக் கிழட்டுப் புள்ளிக் குதிரை முதலில் எங்களைக் கண்டு விலகிப்போனது. ட்ரொலியின் சில்லுச் சத்தம் கேட்டதும் திரும்பியது. உன்னைத் தேடியது என்று நான் சொன்னால் நீயே சிரிப்பாய். அதற்குத் தாகம். நீ அங்கே வெட்டி வைத்த பீப்பாவில் நாங்கள் ஊற்றியதில் பாதியைக் குடித்துவிட்டு என் சேட்டில் மூக்கைத் துடைத்துவிட்டுப் போனது.

விசாரணையில் தோற்கலாம், வெல்லலாம். தோற்றால் மேலே எழுதுவேன். உன் அகராதி இப்போது என் மடியில் கிடக்கிறது. அவர்கள் இனி உன்னைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை, கடிதங்களை என் பெயருக்கே போடட்டும்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். அந்தக் கதவை இனி யார் வந்து தட்டினாலும் சங்கிலியைக் கழற்றிவிட்டு, முழுதாகத் திறந்து, வெளியே வந்து நின்று என் பெயரைச் சொல்வேன். அதற்குப் பிறகு உன் பெயரையும் சொல்வேன்.

நீ பெயர் கொடுத்து உள்ளே எடுத்தவன்,
உன் தங்கச்சி மலரின் புருஷன்,
மச்சான் குலம்