இடுப்பெலும்பில் இருந்தவர்

என்னங்க, போன வாரம் நம் பேத்தி கைபேசியில் ஒரு படம் காட்டினாள். வெள்ளி நிறத் தகட்டின் மேல் குங்குமம் கொட்டினாற்போலச் சிவப்புப் புள்ளிகள். எலும்பைக் கட்டும் செல்களாம். ஆராய்ச்சிக்கூடத்தில் உலோகத்தின் மேல் விட்டு வளர்க்கிறார்களாம். உலோகத்திலிருந்து கசியும் உப்பு துளியளவு பட்டால் சில சமயம் அவை மும்முரமாகக் கட்டுமாம், கூடிப்போனால் செத்துவிடுமாம். இதைத்தானே நீங்கள் ஆயுசு முழுக்க இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தீர்கள்.

வெள்ளைக்காரன் ஆட்சியில், கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் இருந்துகொண்டு ரோட்டில் குண்டு வைத்த எமர்ஜென்சி காலம் அது. செலண்டார் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் ஏற்றும் லாரியில் நீங்கள் உதவியாள். வளைவில் குண்டு வெடித்தது. டிரைவர் அண்ணன் அங்கேயே போய்விட்டார். அவர் உடம்பைத் துளைத்துக்கொண்டு வந்த இரும்புத் துண்டு உங்கள் இடுப்பெலும்பில் நின்றது. எடுத்தால் கால் போய்விடும் என்று டாக்டர் அப்படியே விட்டுவிட்டார். பிறகு எடுத்த எக்ஸ்ரேயில், அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து மூடியிருந்தது.

எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். நீங்கள் சிரிக்கவில்லை.

"அது இரும்பு இல்ல. அண்ணன்தான் உள்ள இருக்காரு. என் எலும்பு அவர வெளிய விட மாட்டேங்குது."

உளறாதீர்கள் என்று எரிந்து விழுந்தேன். ஆனால் மழைக்கு முன்னால் அந்த இடம் மட்டும் சில்லிட்டுக் கிடக்கும். என் கையாலேயே தொட்டிருக்கிறேன். பஸ் அந்த வளைவில் திரும்பும்போதெல்லாம் நீங்கள் ஒதுங்கி, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்காருவீர்கள். எனக்குக் கோபம் வரும், பயமும் வரும்.

படுக்கையில் விழுந்த பிறகு நீங்கள் கேட்டது ஒன்றுதான்.

"நான் போனதும் அவர அந்த வளைவுலயே விட்ரு லா. அவரும் வீட்டுக்குப் போகட்டும்."

தகனத்துக்கு மறுநாள் காலை பால் தெளித்து எலும்பு பொறுக்கினோம். அந்த எலும்பு இரும்போடு சேர்ந்தே வந்தது. இரும்பைக் கரைக்கக் கூடாது என்றார் சடங்கு செய்தவர். நம் மகன் குறடு வைத்து இழுத்தான், அசையவில்லை. நான் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "போதுங்க, விட்ருங்க," என்றேன். எலும்பு பொலபொலவென்று உதிர்ந்தது. சாம்பல் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது; இரும்பு மட்டும் ஜில்லென்று இருந்தது. மகன் என் முகத்தைப் பார்த்தான், நான் இரும்பை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

உங்களைக் கடலில் கரைத்தோம். அண்ணனை அந்த வளைவில் மண்ணுக்குள் வைத்தேன். ரப்பர் மரமெல்லாம் போய் இப்போது அங்கே பாமாயில் எடுக்கும் செம்பனைதான். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன் என்று நிம்மதியாகக் காரில் ஏறினேன். வீடு வருவதற்குள் என் இடுப்பில் ஓர் இடம் குளிர ஆரம்பித்தது.

அது இன்னும் போகவில்லை. மழைக்கு முன்னால் கூடுகிறது. எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை, வயதுதான் என்கிறார் டாக்டர். பேத்தியிடம் கேட்டால் சிரிப்பாள், கேட்கவில்லை. அண்ணன்தான் வீட்டுக்குப் போய்விட்டாரே, அப்புறம் என் எலும்புக்குள் யாருக்கு என்ன வேலை? உங்களைத் தவிர இத்தனை உரிமையாக யார் வந்து உட்காருவார்கள்?

பஸ்ஸில் இப்போதெல்லாம் நானும் ஒதுங்கித்தான் உட்காருகிறேன்.