மாடியில் செய்த ஜெனரேட்டர்

முனிர்கா, டெல்லி
14.6.1998

அன்புள்ள அப்பாவுக்கு,

அகல்யாவின் வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறாளா? நான் சுகம்.

இங்கே தினமும் கரண்ட் போய்விடுகிறது. அதனால் அறைத்தோழி மாதுரியும் நானும் மொட்டைமாடியில் சின்ன ஜெனரேட்டர் ஒன்று செய்தோம். பழைய ஸ்பீக்கர் காந்தங்களை மார்பிள் கடையில் கல் அறுக்கும் மெஷினில் துண்டாக அறுத்து வாங்கி, கவிழ்த்து வைத்த சைக்கிளின் பின்சக்கரத்தில் ஒட்டினோம். அப்போது இரண்டு காந்தங்கள் பாய்ந்து ஒட்டியதில் என் விரல் நசுங்கியது. நகம் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான்.

செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி எதிரே பொருத்தினோம். கம்பியின் முனைகளில் மாட்டிய டார்ச் பல்பு எரியவில்லை. காந்தங்கள் எல்லாம் ஒரே துருவம் வெளியே தெரிய ஒரே முகமாக இருந்தன. ஒன்று விட்டு ஒன்றைத் திருப்பி ஒட்டினேன்.

“அச்சா, இப்ப ஜல்தி ஜல்தி, வேகமா சுத்து” என்றாள் மாதுரி.

பெடலைக் கையால் சுற்றினேன். எரிந்தது. காந்தம் கம்பியைத் தொடவே இல்லை அப்பா. பல்பை இணைத்தால் பெடல் கனத்தது, கழற்றினால் லேசானது. வெளிச்சம் என் கையைப் பிடித்து இழுத்தது போல இருந்தது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். ஆனாலும் பெடலை விட மனசில்லை. இருவரும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருந்தோம்.

பருப்புப் பொடி அனுப்பினால் தமிழ்ப் பேப்பரில் சுற்றி அனுப்புங்கள். பழைய பேப்பரானாலும் சரி, நாலைந்து தாளாகச் சுற்றுங்கள். தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
அகல்யா